ஏப்ரல் 23: ஒரு தேதி புத்தக நாளான வரலாறு

ஏப்ரல் 23-க்கு ‘வரலாற்றில் இன்று’ பகுதி எழுத உட்காருபவருக்குச் செய்திப் பஞ்சமே வராது. பாடகி எஸ். ஜானகி பிறந்தது 1938-இல் இதே தேதியில். சத்யஜித் ராய் கொல்கத்தாவில் மறைந்தது 1992-இல் இதே தேதியில். யூடியூபில் முதல் காணொளி ஏறியது 2005-இல் இதே தேதியில். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டு தவறாமல் அச்சேறும் செய்தி ஒன்று உண்டு: 1616 ஏப்ரல் 23 அன்று ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள், அதனால்தான் அது உலகப் புத்தக நாள். பள்ளி விழாக்களிலும் நூலக விழாக்களிலும் மேடைக்கு மேடை இது சொல்லப்படுகிறது. ஒரே நாளில் இறந்தார்கள் என்பது தவறு. ‘அதனால்தான்’ என்ற சொல் அதைவிடப் பெரிய தவறு. இரண்டு பேரெழுத்தாளர்களின் மரணம் தற்செயலாக ஒத்துப்போய் இந்த நாளைப் பிறப்பித்துவிடவில்லை. ஒரு புனிதரின் திருநாளும் புத்தகம் விற்பவர்களின் தேவையும் சேர்ந்து நாளைத் தேர்ந்தெடுத்தன. பொருத்தங்கள் ஒவ்வொன்றாகப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. அந்த வரிசையை மீட்டுச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் 1616-ஐப் பார்ப்போம். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் நாட்காட்டியைத் திருத்தினார். ஜூலியன் நாட்காட்டி ஓராண்டைச் சற்றே கூடுதலாகக் கணக்கிட்டு வந்ததால், வசந்த சமஇரவு நாள் பத்து நாட்கள் முன்னால் நகர்ந்திருந்தது. அதைப் பின்பற்றி வரும் ஈஸ்டர் திருநாளும் இடம் பெயர்ந்திருந்தது. ஸ்பெயின் உடனே திருத்தத்தை ஏற்றது. அங்கே 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அதனால்தான் அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15-இல் வருகிறது. கத்தோலிக்கத் தலைமையை உதறியிருந்த இங்கிலாந்தோ 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்ஃபோர்டில் கண்மூடிய ஏப்ரல் 23, மாட்ரிட்டில் மே 3. இதைச் சரிபார்க்கப் பெரிய வானியல் வேண்டாம், கிழமையைக் கேட்டாலே போதும். நாட்காட்டித் திருத்தம் தேதிகளைத்தான் தாண்டியது, கிழமை வரிசையைத் தொடவில்லை. 1616 ஏப்ரல் 23 மாட்ரிட்டில் சனிக்கிழமை, ஸ்ட்ராட்ஃபோர்டில் செவ்வாய்க்கிழமை. ஒரே நாளுக்கு இரண்டு கிழமை இருக்க முடியாது.

செர்வாண்டிஸ் பக்கம் போனால் முடிச்சு இன்னும் இறுகுகிறது. மாட்ரிட்டின் புனித செபாஸ்தியான் பங்கு ஆலயப் பதிவேட்டில் அவர் பெயர் ஏப்ரல் 23 என்ற தேதியில் இருக்கிறது. அது அடக்கத்தோடு சேர்ந்த பதிவு. அவர் உயிர் பிரிந்தது முந்தைய நாள், 22 என்பதே இன்று ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் முடிவு. நோய்ப்பூசுதல் பெற்ற பிறகு, ஏப்ரல் 19 தேதியிட்டு, தம் கடைசி நாவலுக்குக் காணிக்கையுரை எழுதி முடித்திருந்தார். எழுத்தாளனின் அந்தக் கடைசி நான்கு நாட்கள், எந்தத் தேதிப் பொருத்தத்தையும் விட நம் கவனத்துக்கு உரியவை. ஆக, செர்வாண்டிஸ் மறைந்து 11 நாள் கழித்தே ஷேக்ஸ்பியர் மறைந்தார். மாட்ரிட்டின் ஏட்டிலும் ஸ்ட்ராட்ஃபோர்டின் நினைவுச் சின்னத்திலும் ‘23’ என்ற எண் இருக்கிறது என்பது மட்டுமே மிச்சம். அதில் ஒன்று இறப்பைக் குறிக்கிறது, மற்றது அடக்கத்தை.

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் இதே தேதியில்தான் என்று சேர்த்துச் சொல்வார்கள். அவர் பிறந்த நாளுக்கு எந்தப் பதிவும் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டின் தூய திரித்துவ ஆலய ஏட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று நடந்த திருமுழுக்கு. அவர் நினைவுச் சின்னத்தில் 53-ஆம் வயதில் இறந்ததாகப் பொறித்திருப்பதால், 1564 ஏப்ரல் 23-க்குப் பிந்திப் பிறந்திருக்க முடியாது என்று சொல்லலாம்; அதற்கு மேல் கல் பேசாது. 23 என்ற தேதி 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஓல்டிஸ், ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் போன்றோரின் குறிப்புகள் வழியாக நிலைபெற்றது. இறந்த தேதியே பிறந்த தேதியாகவும் அமைந்தால் வாழ்க்கைக்கு ஒரு வட்டம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜின் திருநாளில் தேசியக் கவி பிறந்தார் என்ற பெருமையும் கிடைக்கிறது. இரண்டு ஆசைகளும் சேர்ந்து ஊகத்தை உண்மையாக்கின. அந்தத் தேதிக்கு அன்று மக்களிடம் எவ்வளவு பிடிப்பு இருந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். நடிகர் டேவிட் காரிக் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடத்திய புகழ்பெற்ற ஷேக்ஸ்பியர் பெருவிழா, ஷேக்ஸ்பியர் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1764-ஐத் தவறவிட்டு 1769-இல் வந்தது. அதுவும் செப்டம்பர் 6 தொடங்கி 8 வரை. மழை கொட்டி ஊர்வலமே நடக்காமல் போயிற்று. பிறந்த நாள் அசைக்க முடியாத ஒன்றாக இருந்திருந்தால், ஷேக்ஸ்பியரின் பெயரால் கூடிய பெருங்கூட்டம் செப்டம்பர் மழையில் நின்றிருக்காது.

புத்தக நாள் பிறந்த இடம் பார்சலோனா. வலென்சியாவைச் சேர்ந்த விசென்தே கிளாவெல் அங்கே பதிப்பாளராக இருந்தார். அவருடைய பதிப்பகத்தின் பெயரே செர்வாண்டிஸ். ஆண்டில் ஒரு நாளைப் புத்தகத்துக்கென்று ஒதுக்கி விற்பனையையும் வாசிப்பையும் பெருக்க வேண்டும் என்ற யோசனையை அந்நகரின் நூல் வணிக மன்றத்தின் முன் வைத்தவர் அவரே. அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோவின் ஆணை 1926 பிப்ரவரியில் வெளியாயிற்று. முதல் புத்தக நாள் அந்த ஆண்டு அக்டோபர் 7-இல் கொண்டாடப்பட்டது. செர்வாண்டிஸ் பிறந்த நாள் அதுவாக இருக்கலாம் என்பது கணிப்பு. அவருடைய திருமுழுக்கு 1547 அக்டோபர் 9-இல் பதிவாகியிருப்பதால் இரண்டு நாள் முன்னே போனார்கள். வேறு சிலர், மிகேல் என்ற பெயரை வைத்து, தூய மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29 என்கிறார்கள். 1930-இல் புத்தக நாள் ஏப்ரல் 23-க்கு மாறியது. ஊகமான பிறந்த நாளை விட ஏட்டில் இருக்கும் தேதி மேல் என்பது ஒரு காரணம். இலையுதிர்காலத்தை விட வசந்தமே தெருவில் புத்தகக் கடை பரப்பத் தோது என்பது இன்னொன்று. ஆனால் மாறிய இடத்தில் அது வேர் பிடித்ததற்குக் காரணம், அதே நாளில் அங்கே ஏற்கெனவே ஒரு திருவிழா இருந்ததுதான். ஏப்ரல் 23 கதலோனியாவின் காவல் புனிதர் சாண்ட் ஜோர்டியின் நாள். அன்று ரோஜா கொடுத்து அன்பைத் தெரிவிப்பது பார்சலோனாவின் பழைய வழக்கம். ரோஜா விற்ற தெருவிலேயே புத்தகமும் வந்து அமர்ந்தது. ரோஜாவோடு புத்தகமும் கொடுப்பது வழக்கமாயிற்று. இன்று பார்சலோனாவில் அந்த ஒரு நாளில் தெருவெங்கும் பூக்கடையும் புத்தகக் கடையுமாக இருக்கிறது.

உலக அரங்குக்கு இதைக் கொண்டுபோனது யுனெஸ்கோ. 1995-இல் பாரிஸில் கூடிய அதன் பொதுமாநாடு ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக, பதிப்புரிமை நாளாக அறிவித்தபோது செர்வாண்டிஸ், ஷேக்ஸ்பியர், பெருவில் பிறந்த இன்கா கார்சிலாசோ டி லா வேகா ஆகிய மூவரின் மறைவும் காரணமாகச் சுட்டப்பட்டது. ஸ்பெயினில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த விழாவுக்கு உலகப் பொதுவான காரணம் ஒன்று தேவைப்பட்டது. மரணப் பொருத்தம் கைகொடுத்தது. இந்தத் தேதியோடு சேர்த்து எண்ணப்படும் எழுத்தாளர் வரிசையில் விளாதிமிர் நபகோவும் இருக்கிறார். அவர் பிறந்தது 1899-இல், ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி ஏப்ரல் 10. அந்த நூற்றாண்டில் இரு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி 12 நாள், எனவே அவர் பிறந்தது ஏப்ரல் 22. ஆனால் 1900-ஐ ஜூலியன் கணக்கு லீப் ஆண்டாகக் கொண்டது, கிரகோரியன் கணக்கு கொள்ளவில்லை. இடைவெளி 13 ஆயிற்று. வீட்டில் ஏப்ரல் 10-ஐக் கொண்டாடக் கொண்டாட, அது புதிய கணக்கில் 23-இல் விழுந்தது. நபகோவும் பிற்காலத்தில் 23-ஐயே வைத்துக்கொண்டார். செர்வாண்டிஸ், நபகோவ் இருவருமே 22-க்கு உரியவர்கள். ஷேக்ஸ்பியர் மே 3-க்கு உரியவர். வியப்புக்குரிய பொருத்தம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் தூண்கள் இவை.

வணிகத் தேவையே நாளைத் தீர்மானித்தது என்பதற்கு ஷேக்ஸ்பியரின் சொந்த நாடே சாட்சி. பிரிட்டனில் இன்று உலகப் புத்தக நாள் மார்ச் மாதத்தின் முதல் வியாழன். ஏப்ரல் 23 ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வருவதால் பள்ளிப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். பிள்ளைகள் கிடைக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். நாள் என்பது ஓர் அடையாளம்தானே, புத்தகம் நாலு பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா? போதும், விழாவுக்கு எந்த எதிர்ப்பும் தேவையில்லை. அடையாளத்துக்காக ஒரு நாளைத் தேர்வது மனித சமூகத்தின் உரிமை. ஆனால் தேர்ந்தவர்கள் தேர்ந்ததாகச் சொல்லாமல், விதி தேர்ந்ததாகச் சொல்லும்போது கிளாவெலும் நூல் வணிக மன்றமும் ரோஜாக் கடைகளும் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறார்கள். உழைத்தவர்களை நீக்கிவிட்டுத் தற்செயலுக்கு மாலை போடுவதை ஏற்க முடியாது. மறுப்பு இன்னொன்றும் உண்டு, அது கூர்மையானது: எல்லாத் தேதியும் மனிதன் வகுத்த கணக்குத்தான் என்றால், எதையும் சரி தவறு என்று எப்படிச் சொல்வது? கணக்கு வகுக்கப்பட்டது என்பதாலேயே அதைச் சரிபார்க்க முடிகிறது. எந்த நாட்காட்டி, நாள் எப்போது தொடங்குகிறது, பதிவு எதைக் குறிக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தால் எந்தத் தேதியும் உறுதிப்படும்.

தமிழ் வாசகர்க்கு இது புதிதல்ல. சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டியின் ஒரு தாளைக் கிழித்துப் பார்த்தால் பெரிய எழுத்தில் ஏப்ரல் 23, அதனடியில் சித்திரை 10, பக்கத்தில் நட்சத்திரம், திதி, ராகுகாலம், ஹிஜ்ரி மாதம் எல்லாம் ஒன்றாக இருக்கும். ஒரே விடியலுக்குப் பல பெயர்கள். முதலாம் ராஜராஜனின் பிறந்த நாளை நாம் ஐப்பசிச் சதயத்தில் கொண்டாடுகிறோம்; அதன் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், யாரும் குழம்புவதில்லை. பாரதியின் மறைவில்தான் இரண்டு கணக்குகள் நேருக்கு நேர் மோதுகின்றன. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்த பின். ஆங்கில முறையில் அது 12. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கும் நம் வழக்கில் அது 11-ஆம் தேதி இரவுதான். தமிழக அரசு 2021-இல் செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது. இங்கே இரண்டு தேதிகளும் சரியே, எந்தக் கணக்கு என்று சொல்லிவிட்டால். ‘ஒரே நாளில் இறந்தார்கள்’ என்ற கூற்றுக்கு இந்தப் புகலிடம் கிடையாது, ஏனென்றால் எந்த ஒரே கணக்கிலும் அது பொருந்தாது.

நாட்காட்டிகள் ஒன்றுபட்ட பின்னும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன் நின்று யூடியூபின் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் பேசும் 19 விநாடிக் காணொளிதான் தொடக்கத்தில் சொன்ன அந்த முதல் காணொளி; அது 2005-இல் யூடியூபில் ஏறியபோது அமெரிக்க மேற்குக் கடற்கரையில் ஏப்ரல் 23 இரவு எட்டரை மணியளவு. சென்னையில் அது ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவு. 23 என்று போடுவதில் தவறில்லை. கலிபோர்னியாவின் கடிகாரத்தை ஏற்றுக்கொண்டு போடுகிறோம். ஏப்ரல் 23-க்கான குறிப்பை இனி எழுதுபவர் மூன்று வரியை இப்படி அமைக்கலாம்: 1616, செர்வாண்டிஸ் அடக்கம், மாட்ரிட். 1616, பழைய நாட்காட்டிப்படி ஷேக்ஸ்பியர் மறைவு, ஸ்ட்ராட்ஃபோர்டு. 1930, ஸ்பெயினின் புத்தக நாள் அக்டோபரிலிருந்து சாண்ட் ஜோர்டி திருநாளுக்கு மாற்றம்.