புழல்: குழாய்க்கு முன்னால் ஒரு கோட்டம்

சென்னைக்காரர்கள் காதில் 'புழல்' என்ற பெயர் இரண்டு விதமாகத்தான் விழுகிறது. ஒன்று, மழைக்காலத்தில் செய்தித்தாள் மூலையில் வரும் ஏரி நீர்மட்டம். இன்னொன்று கோர்ட் செய்தி. 2006-ல் மத்தியச் சிறை சென்ட்ரல் பக்கத்திலிருந்து இங்கே மாறியது. அதிலிருந்து "புழலுக்கு அனுப்பிட்டாங்க" என்று சொன்னால் வேறு விளக்கமே தேவையில்லை. தண்ணீர், இல்லாவிட்டால் கைதி. நடுவில் ஊர் என்று ஒன்று இருப்பதாகவே யாரும் பேசுவதில்லை.

ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போனால் நிலைமை தலைகீழ். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் ஒன்று புழற்கோட்டம். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்த ஊரின் முகவரியைப் பாருங்கள்: ஜெயங்கொண்ட சோழ மண்டலத்துப் புழற்கோட்டம். மூவர் பாடிய தலம், பட்டினத்தார் அடங்கிய ஊர், வடசென்னையின் பெரிய கோயில். அந்தத் திருவொற்றியூரே தன்னை "புழல் மாவட்டம்" என்றுதான் சொல்லிக்கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639-ல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பகுதிக்கு ஒரு தலைமை ஊர் இருந்தது என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி.

ஒரு கோட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊர், எப்படி ஒரு நகரத்தின் பின்கட்டாக மாறியது? அந்தக் கதையைத் தண்ணீர் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஏனென்றால் இங்கே எல்லாமே கடைசியில் ஒரு ஆற்றில்தான் போய் முடிகிறது.

முதலில் செவிவழிக் கதை. புழலில் குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள், தொண்டைமான் படையெடுத்து வந்து முதலில் தோற்றான், பிறகு ஜெயித்தான் என்பது இந்த வட்டாரம் முழுக்கச் சொல்லப்படும் கதை. பக்கத்தில் இருக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணமே இதுதான். தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சிக்கியது, வாளால் வெட்டினான், அடியில் இருந்த லிங்கத்தில் ரத்தம் வந்தது. அங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகச் சண்டைக்குக் கிளம்பியதாம். கருவறைக்கு முன்னால் இருக்கும் இரண்டு எருக்கந்தூண்களும் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள்.

1800-களின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டிய சுவடிகளிலும் குறும்பர் கதை இருக்கிறது. அதில் இன்னொரு அடுக்கும் உண்டு. குறும்பர்களில் ஒரு பகுதியினர் சமணத்துக்கு மாறினார்கள், புழலில் ஒரு பசதி எழுந்தது என்கிறது. புழலில் இன்றைக்கும் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. சௌகார்பேட்டையிலிருந்து ராஜஸ்தானி, குஜராத்திச் சமணக் குடும்பங்கள் வந்து கும்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் நடந்த வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கதை ஒரு மாற்றத்தை ஞாபகம் வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குறும்பர் ஆடு மேய்க்கும் மக்கள். தொண்டைமான் கதைகளில் அவன் காட்டைத் திருத்தி வேளாளர்களைக் குடியேற்றுகிறான். மேய்ச்சல் நிலம் நெல் நிலமாக மாறியதைத்தான் சண்டைக் கதையாகச் சொல்கிறார்களோ? நெல் என்றால் ஏரி வேண்டும். ஏரி என்றால் ஆறு வேண்டும்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். சென்னையின் ஆறுகள் எவை என்று கேட்டால் கூவம், அடையாறு என்றுதான் பதில் வரும். மூன்றாவது ஆறு கொசஸ்தலை, பேச்சு வழக்கில் கொற்றலை. நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது இந்த ஆறுதான். சொல்லப்போனால் கூவமே இதன் கிளை. கேசாவரம் அணைக்கட்டில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கூவம், மற்றது கொசஸ்தலை என்ற பெயரில் பூண்டிப் பக்கம் போகிறது.

இதன் வயதையும் லேசாக நினைக்கக் கூடாது. பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல வருஷம் அகழாய்வு செய்து, அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தையவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். கோட்டம், கோட்டை, சிறை எல்லாம் இந்தக் கணக்கில் நேற்று வந்தவை.

நகரம் புழல் பக்கம் வந்தது முதலில் கல்லுக்காக. செங்குன்றம் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கு. சிவப்புச் செம்புரைக்கல் கிடைக்கும் மேடு. சென்னைச் சாலைகளுக்கு இந்தக் கல் வேண்டும். அதை ஏற்றிக்கொண்டு போவதற்காக ஆர்தர் காட்டன் முயற்சியில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு இரும்புப் பாதை போட்டார்கள். 1837-ல் அதில் வண்டி ஓடியது. பம்பாய்–தாணே ரயிலுக்கு 16 வருஷம் முன்னால்! பின்னாளில் கோதாவரியில் அணை கட்டிய அதே காட்டன்தான். அது பயணிகள் ரயில் இல்லை, கல் வண்டி. அதனாலேயே பொது ஞாபகத்தில் நிற்கவில்லை.

கல்லுக்கு அப்புறம் தண்ணீர். அதுவரை ஊருக்கும் கோட்டைக்கும் கிணறுதான் கதி. 1772-ல் கேப்டன் பேக்கர் போட்ட திட்டத்தில் வந்ததுதான் ஏழு கிணறு. மின்ட் தெரு பக்கம் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. மக்கள்தொகை ஏற ஏற, காலரா வர வர, கிணறு போதவில்லை. 1866-ல் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஃப்ரேசர் ஒரு திட்டம் கொடுத்தார். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலைக்குக் குறுக்கே ஒரு அணைக்கட்டு. அங்கிருந்து கால்வாய் வெட்டிச் சோழவரம் ஏரிக்கு, அங்கிருந்து புழல் ஏரிக்கு, புழலிலிருந்து மண் கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கு. வழி முழுக்கப் பம்பே கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடி வரும். 1872-ல் தண்ணீர் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், சோழவரமும் புழலும் வெள்ளைக்காரன் புதிதாக வெட்டிய ஏரிகள் இல்லை. ஏற்கனவே வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த பாசன ஏரிகள். கரையை உயர்த்தி, பலப்படுத்தி, நகரத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். மதகு திறந்தால் யாருக்குத் தண்ணீர் என்ற கேள்விக்கு அதுவரை இருந்த பதில் 1872-ல் மாறிப்போனது. எங்கள் மென்பொருள் தொழிலில் பழைய சர்வரைப் புதுக் கம்பெனி வாங்கி, பழைய பயனர்களின் இணைப்பை மெதுவாகத் துண்டிப்பார்களே, அந்த மாதிரி.

திறந்த மண் கால்வாயில் வந்த தண்ணீர் வழியெல்லாம் அழுக்கானது. மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் மேட்லி அதை மூடிய கொத்துக் கால்வாயாக மாற்றி, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைத்தார். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் முழுசாக ஓடத் தொடங்கியது. இன்றைக்குத் தி.நகர் மேட்லி சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் தேங்கினால்தான் அந்தப் பெயர் செய்தியில் வருகிறது.

அளவை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இப்போது புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நகரத்துக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆவியாவதைக் கழிக்காமல் முழு ஏரியும் 93 நாள் வரும். மூணு மாசம். அவ்வளவுதான். 2019 ஜூனில் ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்த செயற்கைக்கோள் படம் உலகம் முழுக்கச் சுற்றியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஒரு பருவமழை பொய்த்தால் போதும்.

அதனால் நகரம் ஆற்றின் மேலே மேலே போனது. மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்று தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது. ஆற்றின் மேலேயே குறுக்கே கட்டியது அது. பிறகு தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று ஆற்றுப் படுகைகளில் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரையும் உறிஞ்சினார்கள். 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் வந்தது. 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது.

இப்போது ஆற்றின் கீழ்ப்பக்கம் நின்று இதே கதையைப் பார்க்கணும். பூண்டிக்கும் தாமரைப்பாக்கத்துக்கும் கீழே, வெள்ளம் வந்தால் தவிர ஆற்றில் தண்ணீர் கிடையாது. மேலிருந்து நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் கீழிருந்து கடல் உள்ளே வரும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. வயல் கிணறு உப்புக் கரித்தது. முகத்துவாரமோ எண்ணூர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர் குப்பம் மீனவர்கள் இறாலும் நண்டும் எடுத்த கழிமுகம் அது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 90-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் துறைமுகம். சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து ஆற்றுக்குள் சாம்பல் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றில் படிந்தபோது, மீனவர்கள் படகில் போய்ப் பக்கெட்டால் அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்துப்போயின.

வரைபடத்தைப் பார்த்தால் இதில் ஒரு வட்டம் தெரியும். தாமரைப்பாக்கத்தில் ஆற்றிலிருந்து திருப்பிய தண்ணீர் புழலுக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் உபரிநீர் வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகப் போய், எண்ணூருக்கு முன்னால் மறுபடி கொசஸ்தலையிலேயே சேர்கிறது. நல்ல மாதத்தில் நகரம் எடுத்துக்கொள்கிறது. எடுக்க முடியாத வெள்ள மாதத்தில் மட்டும் வடக்கே திறந்துவிடுகிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் "கரையோர மக்களுக்கு எச்சரிக்கை" என்று பட்டியலில் வரும் ஊர்கள் எல்லாம் பழைய புழற்கோட்டத்துப் பகுதியில் இருப்பவைதான்.

புழலும் ஏரிக்கரையோடு நின்றுவிடவில்லை. ஜி.என்.டி. சாலை வழியாக வந்திறங்கும் நெல்லால் செங்குன்றத்தில் அரிசி ஆலைகளும் மண்டிகளும் பெருகின. நகரத்தின் சோற்றில் நிறைய இங்கேதான் உமி நீங்குகிறது. காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. போரில் ஊரை விட்டு வந்தவர்கள், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகள். வயல் போன ஊரில் அரிசி, கோட்டை போன ஊரில் சிறை, கடல் தாண்டி வந்தவர்களுக்கு முகாம். நகரத்துக்குத் தேவையானதும், நகரம் தன் கண்முன் வைத்துக்கொள்ள விரும்பாததும் ஒரே சாலையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

அகராதியில் 'புழல்' என்பதற்கு உட்துளை உள்ள பொருள், நீர் போகும் வழி என்றெல்லாம் பொருள் இருக்கிறது. ஊர்ப்பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கடந்த 150 வருஷமாக நகரம் இந்த ஊரை அந்த அர்த்தத்தில்தான் நடத்தியிருக்கிறது: உள்ளே ஒன்றும் இல்லாத, தண்ணீர் கடந்துபோகும் ஒரு குழாயாக.

சென்னை வரலாறு என்றால் கோட்டை, மெரினா, மயிலாப்பூர் என்றே எழுதுகிறோம். அந்த வரலாற்றை வடக்கே, ஆற்றோடு சேர்த்து எழுதினால், யார் குடித்தார்கள் யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கும் கூடவே வந்துவிடும். பேப்பரில் புழல் நீர்மட்டம் 21.20 அடிக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கும்போது, அதே ஆறு எண்ணூரில் எந்த நிறத்தில் ஓடுகிறது என்ற தகவலையும் பக்கத்திலேயே போடலாம். ரெண்டும் ஒரே தண்ணீரைப் பற்றிய செய்திதான்.