செயற்கைக் கதிரவனும் குறைதீர் பயிற்சியும்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்போர் கலைச்சொல்லுக்கு நேரான சொல் கிடைத்த அளவில் அமைந்துவிடுவதுண்டு. அச்சொல் எக்காலத்தில் எக்கொள்கையைச் சுமந்து வழங்கிற்று என்று நோக்குவோர் சிலரே. குழந்தைகளின் எலும்புகள் மென்மையுற்று வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களின் பொதுச் சுகாதார நிலையங்கள் அளித்த சிகிச்சைகள் இவ்வகையில் ஆராயத்தக்கன.

நோயின் பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'ரிக்கெட்ஸ்' பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மக்கள் வழக்கு. அதன் வேர் இன்றும் தெளிவாகவில்லை. 1650இல் இந்நோயைப் பற்றி இலத்தீனில் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் கிளிசன், முதுகெலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக 'ராகைட்டிஸ்' என்னும் பெயரைப் படைத்தார். ஒலி மக்கள் வழக்கை ஒத்தது. முதுகெலும்பும் இந்நோயில் கோணுமாதலின் பொருளும் ஒருவாறு பொருந்திற்று. ஜெர்மானியரோ இதனை 'ஆங்கில நோய்' என்றனர். தமிழில் 'கணை' எனப் பெயர்ப்பது ஏற்புடையதன்று. நாட்டு மருத்துவத்தில் அது குழந்தைகளின் மெலிவு நோய்கள் பலவற்றையும் தழுவிய சொல்லாகும்.

1919இல் பெர்லின் மருத்துவர் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக் கதிர்களால் இந்நோய் குணமாவதை எக்ஸ்-கதிர்ப் படங்கள் வழி நிறுவினார். ஒரு கையில் மட்டும் ஒளி படுமாறு செய்தபோது மறு கையின் எலும்பும் தேறியது. எனவே ஒளி எலும்பை நேரே தொடவில்லை. உடல் முழுதும் பரவும் ஏதோ ஒன்றைத் தோற்றுவித்தது எனலாம். அப்பொருளே பின்னர் வைட்டமின் டி எனப்பட்டது. அதே ஆண்டுகளில் வியன்னாவில் ஹாரியட் சிக் குழுவினர் மீன் எண்ணெயும் ஒளியும் நோயைத் தீர்ப்பதைக் காட்டினர்.

விளக்குக்கு இட்ட பெயர்தான் இங்கு நோக்கத்தக்கது. ஜெர்மனில் அது 'செயற்கை உயர்மலைக் கதிரவன்'. 1903 முதல் சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் ரோலியே காசநோயாளரை வெயிலில் கிடத்திய மரபின் சாயல் அதில் படிந்துள்ளது. ஆங்கிலத்திலும் 'செயற்கைச் சூரிய ஒளி' என்றே வழங்கிற்று. கதிரவன் என்றால் எல்லா நலமும் தருவது என்னும் எண்ணம் உடன் வந்தது. ஒரு நோய்க்குரிய மருந்து, சளிக்கும் சோர்வுக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் உரியதாயிற்று. கண்ணில் கறுப்புக் கண்ணாடி அணிந்து விளக்கைச் சூழ்ந்த குழந்தைகளுக்காக நகராட்சிகள் பொதுப்பணத்தைச் செலவிட்டன. 1929இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட டோரா கோல்புரூக்கின் ஆய்வறிக்கை, பொதுவான உடல்நலத்திற்கு இவ்விளக்கொளி பயன் தந்ததாகக் காணவில்லை. பலர் சினந்தனர், ஆயினும் விளக்குகள் உடனே அணையவில்லை. பெயரின் வலிமை அத்தகையது.

உடற்பயிற்சியின் பெயர் வரலாறு சற்று அடக்கமானது. 1813இல் ஸ்டாக்ஹோமில் லிங் நிறுவிய பயிற்சிக் கழகத்தின் வழிவந்த 'மருத்துவ உடற்பயிற்சி' ஆங்கிலத்தில் 'குறைதீர் பயிற்சி' எனவும் வழங்கிற்று. கல்வியியலார் வழங்கும் 'குறைதீர் கற்பித்தல்' என்பதோடு இது இயையும். ஆனால் தசை வலுப்பெறலாம், நிற்கும் நிலை திருந்தலாம். சுண்ணாம்புச் சத்து ஏறாத எலும்பு பயிற்சியால் மட்டும் உறுதிப்படாது. இதற்கு 'இயன்முறை மருத்துவம்' என எழுதுவது காலத்திற்கு முந்திய சொல்லைப் புகுத்துவதாகும்.

இன்று குழந்தை மருத்துவத்தில் 'ஒளிச் சிகிச்சை' என்றால் பெரும்பாலும் பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கான நீல ஒளியே பொருளாகும். இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுசென்ற செவிலித்தலைவி ஒருவர் மஞ்சள் நிறம் மங்குவதைக் கண்டார். 1958இல் கிரெமர் குழுவினர் அதனை ஆய்வாக வெளியிட்டனர். இங்கு வேலை செய்வது புற ஊதாக் கதிர் அன்று. நீல ஒளி பிலிரூபினை உடல் எளிதில் வெளியேற்றும் வடிவிற்கு மாற்றுகிறது. 1930ஆம் ஆண்டின் நகராட்சி அறிக்கையைப் பெயர்ப்போர் 'புற ஊதா விளக்கொளிச் சிகிச்சை' என்றே எழுதுதல் வேண்டும். மூலம் 'சூரிய ஒளி' என்று கூறுமிடத்து அம்மிகையையும் மாற்றாது தருதல் வேண்டும்.