தெரிஞ்சுதானே போனவர்?

பெக்கோவில் அடிபட்டு ஒரு தொழிலாளி காயப்பட்டால் எங்கட ஊர்களில் முதலில் வாற கதை இதுதான்: "ஆபத்தெண்டு தெரிஞ்சுதானே அந்த வேலைக்குப் போனவர்?" நாங்களும் யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறோம். ஆனால் இந்தக் கதை 1891இலேயே பிரித்தானியாவின் அப்போதைய உச்ச நீதிபீடமாயிருந்த பிரபுக்கள் சபையில் தோற்றுப்போனது.

ஸ்மித் என்ற தொழிலாளி, ரயில் பாதைக்காகப் பாறையில் துளையிடும் வேலை செய்தவர். பக்கத்தில் ஒரு பாரந்தூக்கி. அது கற்களைத் தூக்கிக்கொண்டு அவர் தலைக்கு மேலாலேயே போய்வரும். கல் வருகுது என்று ஒருவரும் எச்சரிப்பதில்லை. ஒருநாள் கல்லொன்று விழுந்து அவர் படுகாயமடைந்தார்.

அந்தக் காலத்தில் தொழிலாளி வழக்குப் போட்டால் முதலாளிக்கு மூன்று கேடயங்கள் இருந்தன. கூட வேலை செய்தவனின் பிழைக்கு முதலாளி பொறுப்பில்லை. 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. இரண்டாவது, காயப்பட்டவரிலும் பிழை இருக்கிறது என்பது. மூன்றாவது, தெரிஞ்சே ஆபத்தை ஏற்றவர் என்பது.

1880ஆம் ஆண்டின் தொழில்கொள்வோர் பொறுப்புச் சட்டம் முதலாவது கேடயத்தைக் கொஞ்சம் உடைத்தது. ஸ்மித்தின் வழக்கில் எழுந்தது மூன்றாவது. யூரிகள் அவருக்கு நட்டஈடு கொடுத்தார்கள்; மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பறித்தது; பிரபுக்கள் சபை திருப்பிக் கொடுத்தது. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அதற்குச் சம்மதிப்பது வேறு என்பதே தீர்ப்பின் சாரம். வயிற்றுப்பாட்டுக்காக வேலையில் நிற்பவர், முதலாளியின் கவலையீனத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவர் ஆகமாட்டார்.

ஆனாலும் கவலையீனத்தை நிரூபிப்பது தொழிலாளியின் தலையில்தான் கிடந்தது. 1897இல் வந்த வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் அதை மாற்றி, குறிப்பிட்ட ஆபத்தான தொழில்களில் பிழையை நிரூபிக்காமலே நட்டஈடு கேட்க வழிவிட்டது. இலங்கைக்கு அந்த வழி 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. வேலையினால், வேலை நேரத்தில் நடந்த விபத்தா என்பதே அதில் முதற்கேள்வி. தொகைக்கு மட்டும் சட்டமே எல்லை போட்டிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும் எங்கட வாய் இன்னும் 1891க்கு முன்னால்தான் நிற்கிறது. அடுத்தமுறை "தெரிஞ்சுதானே போனவர்" என்று யாராவது சொன்னால், நாங்கள் திருப்பிக் கேட்கவேண்டியது இதுதான்: தெரிஞ்சும் எச்சரிக்காமல் இயந்திரத்தை ஓடவிட்டவர் யார்?