அப்பா கலரை யார் மாத்தினது?

இன்னைக்கு கலரோட கதை. அது எனக்கு பெரம்பலூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல ஆரம்பிச்சுது.

நான் அப்போ ஒரு வீடியோ யூனிட்ல உதவியாளர். மூணு கேமரா, ஒரு மிக்ஸர், ஓரமா நான். மூணு கேமராவும் ஒரே கலர் காட்டணும். ஒண்ணுல அரக்கா தெரியுற பட்டுப்புடவை இன்னொண்ணுல ஆரஞ்சா தெரியக் கூடாது. அதுதான் என் வேலை. கூடவே ஒரு உத்தரவு: "எல்லாரையும் கொஞ்சம் பளிச்சுனு காட்டு."

காட்டினேன். பொண்ணு வீடு அரியலூர் பக்கம், மக்காச்சோளம் போடுற குடும்பம். தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணோட தம்பி வந்தான். "அண்ணா, அக்கா கேக்குறா... எங்க அப்பா கலரையாவது அப்படியே விடுவீங்களா?"

எல்இடி திரையைப் பார்த்தேன். வெயில்லயே வாழ்ந்த மனுஷன், மாவு பூசின மாதிரி நின்னாரு. உடனே குறைச்சேன். ஆனா அதுவரைக்கும் ரெக்கார்ட் ஆனது ஆனதுதான்.

ஏன் அப்படி? சினிமாவுல கலருக்கு ரெண்டாவது வாய்ப்பு எப்பவும் உண்டு. தமிழோட முதல் முழுநீள கலர் படம், 1956ல மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. ஃபிலிம்ல எடுத்துட்டு, அப்புறம் லேப்ல சரிபண்ணிக்கலாம். டிவி நேரலையில அந்த 'அப்புறம்' கிடையாது. 1982 ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழா, நவம்பர்ல டெல்லி ஆசிய விளையாட்டுன்னு தூர்தர்ஷன் கலருக்கு மாறுச்சு. நேரலையில கேமராமேன் ஃப்ரேமைப் பார்த்துக்குவார்; வெளிச்சத்தையும் கலரையும் கண்ட்ரோல் யூனிட்ல உட்கார்ந்து இன்னொருத்தர் அந்த நிமிஷமே சரிபண்ணுவார். மண்டபத்துல நான் பார்த்தது அதே வேலையோட சின்ன வடிவம்.

சரி, 'சரியான' தோல் நிறம் எதுன்னு யார் முடிவு பண்றது? 1950கள்ல இருந்து கோடக் கம்பெனி லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை கொடுத்துச்சு. பேரு 'ஷெர்லி கார்டு'. அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அவங்க முகம் நல்லா வந்தா கலர் சரின்னு அர்த்தம். கறுப்பு முகங்கள்ல விவரம் காணாமப் போச்சு. பழுப்பு நிறங்கள் சரியா வரலைன்னு சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் புகார் பண்ணினதும் ஃபிலிம் மேம்பட ஒரு காரணம். மனுஷ முகத்துக்காக மட்டும் இல்லை, கவனிச்சீங்களா?

இதுல ஒரு அழகான உண்மை இருக்கு. வெக்டர்ஸ்கோப்னு வட்டமா ஒரு கிராஃப். மனுஷத் தோல் கறுப்போ வெளுப்போ, அதுல பெரும்பாலும் ஒரே கோட்டுக்குப் பக்கத்துலதான் விழும். தோலுக்கு அடியில ஓடுற ரத்தம் எல்லாருக்கும் சிவப்புதானே! மாறுறது முக்கியமா வெளிச்ச அளவு. அதனால கேமராக்களைப் பொருத்த யாரையும் வெளுக்க வேண்டிய அவசியமே இல்லை. மண்டப விளக்குக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையைக் காட்டி மூணு கேமராவுக்கும் ஒயிட் பேலன்ஸ் வைங்க, எக்ஸ்போஷரைப் பொருத்துங்க. முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

இப்போ பெரிய ஷூட்டிங்ல லாக் முறையில பதிவு பண்ணி, கலரை மானிட்டருக்கு மட்டும் காட்டுறாங்க. பிடிக்கலைன்னா பின்னாடி மாத்திக்கலாம். கல்யாண லைவ்ல பெரும்பாலும் மிக்ஸர்ல இருந்து வர்றதுதான் கடைசி.

அந்த வீட்டு வீடியோவுல இன்னைக்கும் தாலி கட்டுற வரைக்கும் ஒரு அப்பா, அதுக்கப்புறம் ஒரு அப்பா. ரெண்டாவது ஆள்தான் நிஜம்.