மடித்தவர் கையெழுத்து

அமெரிக்கப் போர்விமானத் தளமொன்றில் ஓர் அறை. கொக்கிகளில் தலைக்கவசங்கள், அவற்றின் கீழே ஆக்சிஜன் முகமூடிகள், பக்கத்தில் ஈர்ப்புவிசையைத் தாங்கும் ஜி-சூட்டுகள். ஏதோ ஒரு சிற்றூரில், வான்குதித் திடலை ஒட்டி இன்னோர் அறை. அங்கே நீண்ட மேசை, கனரகத் தையல் இயந்திரம், மூலையில் யாரோ விட்டுச்சென்ற பாராசூட் பை. முன்னதில் ஆறேழு ஆண்டுகள் உழைத்தவர் பின்னதன் வாசலில் நின்று, ‘எனக்கு இந்த வேலை தெரியும்’ என்கிறார். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எடைபோட, இரண்டு அறைகளுக்குள்ளும் மாறிமாறிப் போய்வர வேண்டும்.

முதல் அறையின் வேலையை அமெரிக்க விமானப்படை ‘ஏர்க்ரூ ஃப்ளைட் எக்விப்மென்ட்’ என்கிறது. படையினர் வாயில் அது ஏ.எஃப்.இ. ஆவணங்களில் 1பி0எக்ஸ்1 என்றொரு குறியீடு. கடற்படையில் இதே வேலைக்கு ‘ஏர்க்ரூ சர்வைவல் எக்விப்மென்ட்மேன்’ என்று பெயர். ஆனால் அதன் சுருக்கம் இன்றும் பி.ஆர். தான். பாராசூட் ரிக்கர், அதாவது பாராசூட்டை மடிப்பவர், என்ற பழைய பெயரின் முதலெழுத்துகள் அவை. பெயர் மாறியபின்னும் எழுத்துகள் ஒட்டிக்கொண்டது நம் ஒப்பீட்டுக்கு வசதி, ஏனெனில் இரண்டாம் அறையில் இருப்பவரின் பெயரும் ரிக்கர்தான். படையும் ஊரும் ஒரே சொல்லால் அழைக்கும் தொழில்கள் அதிகமில்லை.

ஒற்றுமைகள் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கின்றன. இரு அறைகளிலும் கருவிகளை எண்ணாமல் வேலை முடிவதில்லை. மடிக்கும்போது தற்காலிகமாகச் செருகும் ஊசியில் நீளமான சிவப்பு நாடா கட்டியிருப்பது, அது உள்ளேயே மறந்துபோய்விடக் கூடாது என்பதற்காக. படையில் இதை விதி என்பார்கள், வெளியில் பழக்கம் என்பார்கள், பயம் ஒன்றுதான். இரு அறைகளிலும் தையல் தெரிந்த கைக்குத் தனி மரியாதை உண்டு. வீரம் பேசும் ஒரு நிறுவனத்தின் நடுவில் நூலும் ஊசியும் இவ்வளவு மதிப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சின்ன மகிழ்ச்சி.

வேற்றுமை கையெழுத்தில் தொடங்குகிறது. படையில் மடிப்பு வேலை குறித்த கட்டங்களில் நின்றுவிடும். இரண்டாமவர் வந்து பார்த்து ஒப்பமிட்ட பிறகே அடுத்த கட்டம். வரி வரியாகப் பின்பற்ற வேண்டிய தொழில்நுட்ப ஆணை மேசைமேல் விரிந்து கிடக்கும். எந்தக் கையெழுத்துக்கும் முன்னும் பின்னும் வேறு கையெழுத்துகள் உண்டு. வெளியிலோ ரிக்கர் தனியாள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அவருக்கென ஓர் அடையாளக் குறி தருகிறது. மடித்து முடித்ததும் மூடும் ஊசியைச் சுற்றி நூலிட்டு, ஈயத்தை அழுத்தி அந்தக் குறியைப் பதிக்கிறார். அவருக்குப் பின் யாரும் பார்ப்பதில்லை. படையில் அவர் பெயர் சங்கிலியில் ஒரு கண்ணி. இங்கே சங்கிலி முழுதுமே அந்த ஒரு பெயர்தான்.

நம்பிக்கையின் திசையும் இதனால் மாறுகிறது. போர்விமானி தன் பாராசூட்டை மடித்தவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் நம்புவது பிரிவை, நடைமுறையை. வான்குதிப்பவரோ ஒரு ரிக்கரைத் தேடிப் போகிறார், விசாரிக்கிறார், கூலி கொடுக்கிறார். ஆனால் இதிலும் ஒரு திருப்பம். வான்குதிப்பவர் தன் முதன்மைப் பாராசூட்டைத் தானே மடித்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. முதன்மை கைவிட்டால் திறக்க வேண்டிய ரிசர்வை மட்டும் உரிமம் பெற்ற கைதான் மடிக்க வேண்டும். படையிலோ, நியூஜெர்சி மாநிலத்து லேக்ஹர்ஸ்ட்டில் இருந்த கடற்படையின் பழைய ரிக்கர் பள்ளியில், மாணவன் தன் கையால் மடித்ததைக் கட்டிக்கொண்டு தானே குதித்துக் காட்ட வேண்டியிருந்தது. தன் வேலையைத் தன் உயிரில் சோதிப்பது இரு பக்கமும் இருந்திருக்கிறது: அங்கே தேர்வாக, இங்கே வார இறுதிப் பொழுதுபோக்காக.

இனி, ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போகும் கதவு. சாதாரண விண்ணப்பதாரர் சீனியர் ரிக்கர் உரிமம் பெற, தான் கேட்கும் ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 20 பாராசூட்டுகளை மேற்பார்வையில் மடித்திருக்க வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு. படையில் ரிக்கராக இருந்தவருக்கும் அந்த 20 உண்டு. ஆனால் தேர்வு ஒன்றே ஒன்று: குடிமக்கள் தரப்பு விதிகளைப் பற்றிய எழுத்துத் தேர்வு. மடித்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கை சரியாகத்தான் இருக்கும், ஊரின் சட்டம்தான் தெரியாது என்று சட்டமே கணிக்கிறது. அரசாங்க விதிநூலில் இவ்வளவு நுட்பமான மனிதக் கணிப்பு அரிது.

அந்தச் சலுகைக்கு ஒரு காலவரம்பு இருக்கிறது. படையை விட்டு வந்தவராக இருந்தால், நல்ல முறையில் விடுவிக்கப்பட்டு 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் படையின் ரிக்கர் பணியிலும் இருந்திருக்க வேண்டும். பதின்மூன்றாம் மாதத்தில் வந்தால் அவரும் மற்றவரைப் போல மூன்று தேர்வுகளையும் எழுத வேண்டியவரே. உரிமம் பெற்றபின்னும் இந்தக் கணக்கு விடுவதில்லை. கடந்த 12 மாதங்களில் 90 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும், இல்லையேல் திறனை மீண்டும் காட்ட வேண்டும். ரிசர்வ் பாராசூட்டுக்கு 180 நாளுக்கு ஒருமுறை மறுமடிப்பு. பட்டு போன்ற இயற்கை இழையாக இருந்தால் 60 நாளுக்கே. ஆக, துணிக்கு ஒரு தேதி, அதை மடிக்கும் கைக்கும் ஒரு தேதி. பட்டுக்கும் நைலானுக்கும் வேறு வேறு கெடு வைத்த சட்டம், பழகிய கையைப் பட்டோடு சேர்த்ததா நைலானோடு சேர்த்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

தற்செயலான இன்னொரு பொருத்தமும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘ஸ்கில்பிரிட்ஜ்’ திட்டம், படையை விட்டுப் போகவிருப்பவரைப் பணியின் கடைசி 180 நாட்கள்வரை வெளி நிறுவனமொன்றில் பயிற்சிக்கு அனுப்புகிறது. ரிசர்வ் ஒன்று பையில் மடிந்து கிடக்கும் அதே காலம். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கதவு எளிதாகத் திறக்கிறது என்பதற்காக உள்ளே எல்லாம் பழகியதாக இருக்காது. ரிக்கரின் உரிம வகைகள் நான்கு: இருக்கை, முதுகு, மார்பு, மடி. பாராசூட் உடலில் எங்கே அமர்கிறது என்பதை வைத்த பிரிவினை இது. விதானத்தின், அதாவது விரியும் துணியின், வடிவத்தை வைத்ததன்று. ஆபத்தில் விமானியை வெளியே எறியும், போர்விமானங்களின் ஏசஸ் 2 இருக்கையில் இருப்பது 28 அடி விட்டமுள்ள வட்ட விதானம். விளையாட்டுத் திடலின் ரிசர்வோ பெரும்பாலும் காற்றுப்பைகள் வரிசையாய் இணைந்த நீள்சதுரம். காகிதத்தில் ஒரே வகைக்குள் அடங்கக்கூடிய இரண்டு, மேசைமேல் இரு வேறு மொழிகள். உற்பத்தியாளரின் நடப்புக் கையேட்டைப் புரிந்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது என்ற விதிதான் இந்த இடைவெளியை அடைக்கிறது. 3 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள வழுவழுப்பான மேசை வேண்டும் என்று அளவு சொல்லும் அதே சட்டம், விதானத்தின் வடிவத்தைப் பற்றி வாய்திறவாதது வேடிக்கை.

வேறொரு சங்கடமும் உண்டு. இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் அறை சிறியது. ரிக்கர் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில் வருவது. குதிப்புப் பருவம் போனால் வேலையும் மெலியும். ஏ.எஃப்.இ. ஆள் கையாண்டதோ பாராசூட் மட்டுமன்று. உயிர்காப்புப் படகுகள், மிதவை அங்கிகள், ஆக்சிஜன் கருவிகள் எல்லாம் அவர் கையில் இருந்தவை. பயணிகள் விமானங்களின் படகுகளையும் அவசரகாலச் சறுக்குகளையும் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கு இதே கைகள்தான் வேண்டும். அங்கே ‘ரிப்பேர்மேன்’ சான்றிதழ் பெறலாம். ஆனால் அது பெற்றுத்தந்த நிறுவனத்தோடு கட்டுண்டது; வேலையை விட்டால் சான்றும் போய்விடும். ரிக்கர் உரிமம் ஆளோடு நடக்கும், கூலி நிலையில்லாதது. ரிப்பேர்மேன் சான்று நிலையான கூலி தரும், ஆளோடு நடக்காது. விமான மெக்கானிக்கின் முழு உரிமம் இரண்டையும் தரும். அதற்கோ விமான உடல், எஞ்சின் இரண்டிலுமாக 30 மாத அனுபவம் கேட்கிறார்கள். முகமூடியோடும் மிதவையோடும் கழிந்த ஆண்டுகளை அந்தத் தராசில் வைப்பது கடினம்.

இரு அறைகளும் ஒன்றாகிப்போன ஓரிடமும் உண்டு. காட்டுத்தீயை அணைக்க வானிலிருந்து குதிக்கும் ‘ஸ்மோக்ஜம்பர்’களின் முகாம் அது. 1940 முதல் தீக்குக் குதித்துவரும் இவர்கள் பாராசூட்டை மடிப்பதும் தாங்களே, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து தங்கள் உடுப்பைத் தைப்பதும் தாங்களே. குதிப்பவரும் மடிப்பவரும் வேறு வேறு என்ற படையின் பிரிவினை இங்கே செல்லாது. தனியாள் ஒருவரே எல்லாப் பொறுப்பும் சுமக்கும் ரிக்கரின் தனிமையும் இல்லை.

படையிலிருந்து ஊருக்கு வரும் இந்த மொழிமாற்றத்தில் அதிகம் தொலைந்துபோவது தன்விவரக் குறிப்பில்தான் என்று நினைக்கிறேன். படையின் மொழியில் எழுவாய் எப்போதும் பிரிவு: பிரிவு சோதித்தது, பிரிவு தேர்ச்சி பெற்றது. வேலை தருபவர் தேடுவது தன்மை ஒருமையை. ‘1பி0எக்ஸ்1’ என்ற குறியீடு அவருக்கு எதையும் சொல்லாது. எத்தனை முகமூடிகளைச் சோதித்தேன் என்று எழுதுகிறவர்கள்கூட, விமானிகளுக்குப் பாடம் நடத்தியதை எழுத மறந்துவிடுகிறார்கள். ஏ.எஃப்.இ. அறையின் வேலையில் பாதி ஆசிரியர் வேலை. மேலிருந்து தொங்கும் பட்டைகளில் விமானியை மாட்டி, கண்முன்னே காற்றில் ஆடவிட்டு, எந்தக் கொக்கியை எப்போது கழற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். தன்னைவிடப் பதவியில் உயர்ந்தவருக்குத் தவறைச் சுட்டிக்காட்டும் கலை அது.

திடலின் ரிக்கரிடமும் அதற்கொரு இணை இருக்கிறது. மறுமடிப்புக்கு ரிசர்வ் வரும்போது, அதைத் தானே திறந்துவிடாமல், உரிமையாளரைப் பையை மாட்டிக்கொள்ளச் சொல்லி, தரையில் நிற்கவைத்துக் கைப்பிடியை இழுக்கச் சொல்வது பலருடைய வழக்கம். ஆறு மாதமாக யாரும் தொடாத நூல் அறுகிறது, முந்தையவரின் ஈய முத்திரை தெறிக்கிறது, சுருள்வில் குட்டிப் பாராசூட்டைத் தூக்கி எறிகிறது. உரிமையாளர் கையில் கைப்பிடியோடு கொஞ்சம் வெட்கமாகச் சிரிக்கிறார். ரிக்கர் குனிந்து, முத்திரையின் ஈயத்துண்டைப் பொறுக்கி, அதில் யாருடைய குறி என்று பார்க்கிறார்.