கூழ்மங்களின் வகைப்பாடு

ஒரு பொருளின் நுண்துகள்கள் மற்றொரு பொருளினுள் முழுக்கக் கரையாமலும் எளிதில் அடியில் படியாமலும் பரவி நிற்கும் அமைப்பு கூழ்மம் எனப்படும். பரவியிருக்கும் பொருள் பிரிகை நிலைமை. அதைத் தாங்கி நிற்பது பிரிகை ஊடகம். துகளின் ஏதேனும் ஒரு திசையளவாவது 1 முதல் 1,000 நானோமீட்டருக்குள் அமைய வேண்டும். சில பாடநூல்கள் மேல் வரம்பை 100 அல்லது 200 நானோமீட்டராகக் குறைத்துச் சொல்கின்றன.

கந்தகம், பிரஷ்யன் நீலம் போன்றவை நீரில் கரைந்தது போலத் தோன்றினும் உண்மையில் கரைவதில்லை என்பதை இத்தாலியரான பிரான்செஸ்கோ செல்மி 1840களிலேயே கண்டு, அவற்றைப் போலிக் கரைசல்கள் என்றார். மைக்கேல் பாரடே 1857இல் தங்கத்தின் செந்நிறக் கரைசலை ஆராய்ந்தார். ஆயினும் இத்துறையின் தந்தை தாமஸ் கிரகாமே. லண்டன் அரசு நாணயச் சாலையின் தலைவராக இருந்த அவர், 1861இல் வெளியிட்ட கட்டுரையில் பொருள்களை அவை நீரில் விரவும் வேகத்தைக் கொண்டு பிரித்தார். சம அளவு விரவ ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஆகும் நேரம் 1 எனில், சாதாரண உப்புக்கு 2.33, சர்க்கரைக்கு 7, முட்டையின் அல்புமினுக்கு 49, கருக்கிய சர்க்கரைக்கு 98. விரைந்து விரவி, தோல்தாள் சவ்வையும் கடப்பவை படிகப்போலிகள்; தயங்கி நின்றுவிடுபவை கூழ்மங்கள். சவ்வின் வழியே இரண்டையும் பிரிக்கும் கூழ்மப்பிரிப்பு முறையும் அவர் தந்ததே. சால், ஜெல் என்ற பெயர்களும் அவருடையவை.

கிரகாம் இவற்றைப் பொருள்களின் இரு வேறு குலங்களாகவே கருதினார். அது நிலைக்கவில்லை. சோப்பு நீரில் கூழ்மம், ஆல்கஹாலில் சாதாரணக் கரைசல். சாதாரண உப்பையே பென்சீனில் கூழ்மமாக்கலாம். எனவே கூழ்மம் என்பது ஒரு பொருள்வகை அன்று, பொருளின் ஒரு நிலை. ரஷ்யரான பான் வைமார்ன் நூற்றுக்கணக்கான பொருள்களைக் கூழ்ம நிலைக்குக் கொண்டுவந்து இதை உறுதிப்படுத்தினார்.

இன்று பாடநூல்களில் காணும் அட்டவணை, வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் மகன் வுல்ப்காங் ஆஸ்ட்வால்ட் 1907இல் வகுத்தது. திண்மம், நீர்மம், வாயு ஆகிய மூன்றும் நிலைமையாகவும் ஊடகமாகவும் சேர ஒன்பது இணைகள் வரும். வாயுக்கள் ஒன்றில் ஒன்று முழுதும் கலந்துவிடுவதால் எட்டே எஞ்சும். புகை, மூடுபனி, நுரை, பெயின்ட், பாலாடைக்கட்டி, செந்நிறக் கண்ணாடி, நுரைக்கல், பால் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அட்டவணை அழகானது, ஆனால் பாலை அதன் ஒரே கட்டத்தில் அடைப்பது சற்றே வசதிக்காகச் செய்ததுதான். கொழுப்புத் துளிகளைப் பார்த்தால் அது பால்மம். அதே நீரில் கேசின் புரதமும் கூழ்மத் துகள்களாகப் பரவியிருக்கிறது. கடைந்தால் அமைப்பே தலைகீழாகும்: வெண்ணெயில் கொழுப்பே ஊடகம், நீர் அதனுள் துளிகள்.

ஊடகத்துடன் உள்ள ஈர்ப்பைக் கொண்டும் பிரிப்பதுண்டு. ஸ்டார்ச், ஜெலட்டின் போன்ற கரைப்பான் விரும்பும் கூழ்மங்கள் நீரை இழந்தாலும் மீண்டும் சேர்த்தால் பழைய நிலைக்கு வரும். தங்கம், ஆர்சனிக் சல்பைடு போன்ற கரைப்பான் வெறுக்கும் கூழ்மங்கள் சிறிதளவு மின்பகுளி பட்டாலே திரிந்துவிடும். துகளின் மின்சுமைக்கு எதிரான அயனியின் இணைதிறன் கூடக்கூடத் திரிக்கும் ஆற்றலும் கூடும் என்பது ஹார்டி–ஷுல்ஸ் விதி.

துகளின் அமைப்பை ஒட்டிப் பல மூலக்கூறு, பெரு மூலக்கூறு, இணைந்த கூழ்மங்கள் என்ற பிரிவும் உண்டு. அண்மைக் காலத்தில் இவற்றில் பல நானோ பொருள்கள் என்ற பெயரிலும் ஆராயப்படுகின்றன.