யூனிக்ஸ்: எழுப்புதலும் பேணுதலும்

விசையை அழுத்தியதும் கணிப்பொறி தானே எழுந்து பணியாற்றத் தொடங்குவதை இன்று நாம் நாள்தோறும் காண்கிறோம். உள்ளே நடப்பது யாதெனக் கேட்போர் சிலரே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. பொறியை எழுப்புவதையும் பழுது நேர்ந்தால் சீர்செய்வதையும் அதனைப் பேணுவோர் படிப்படியாகக் கற்றாக வேண்டும். அந்த அறிவு சிலர் கையிலிருந்து பலர் கைக்குச் சென்ற வரலாற்றை யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் வாயிலாக இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பொறியின் நினைவகத்தையும் தட்டுகளையும் முனையங்களையும் ஒழுங்குபடுத்திப் பலருடைய பணிகளுக்கும் பங்கிட்டுத் தரும் அடிப்படை நிரலே இயக்க முறைமை எனப்படும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அது சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டால் தொலைபேசித் தொழிலுக்கு அப்பால் வாணிகம் செய்ய இயலாதிருந்தது. ஆதலின் யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் மூல நிரலோடு வழங்கியது. பழுது பார்க்க ஆள் எவரும் உடன் வரவில்லை. பெற்றவர்கள் தாமே கற்றுத் தாமே பேணினர்.

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு பி.டி.பி.-11 என்னும் பொறியில் எழுந்த முறையைக் காண்போம். தட்டிலுள்ள நிரலைப் படிக்கவும் ஒரு நிரல் வேண்டும்; அதுவும் தட்டிலேயே இருந்தால் என் செய்வது? முகப்பிலுள்ள சாவிகளைக் கொண்டு சில ஆணைகளைக் கையாலேயே நினைவகத்தில் பதிப்பர். அல்லது அவ்வாணைகள் அழியா நினைவகத்தில் முன்னரே பொறிக்கப்பட்டிருக்கும். அவை தட்டின் முதற் பகுதியை, அதாவது 512 பைட்டுகளை மட்டும், நினைவகத்திற்குக் கொணரும். அச்சிறு நிரல் '@' என்னும் குறியை அச்சிட்டுக் காத்திருக்கும். இயக்குபவர் கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்ததும் இயக்க முறைமையின் கருவைத் தேடி ஏற்றும். கரு எழுந்ததும் 'இனிட்' என்னும் முதற் பணியைத் தோற்றுவிக்கும். முகப்புச் சாவிகள் 173030 என்னும் எண்ணில் இருந்தால் ஒருவர் மட்டுமே பணிபுரியும் நிலையில் பொறி நிற்கும். இல்லையேல் 'இனிட்' தொடக்க ஆணைகளை நிறைவேற்றி, ஒவ்வொரு முனையத்திலும் பயனாளரின் பெயரைக் கேட்கச் செய்யும். இங்ஙனம் சிறியது பெரியதை எழுப்பியது.

பேணுதல் இதனினும் நுட்பமானது. எழுதப்படுபவை யாவும் உடனே தட்டுக்குச் செல்வதில்லை; சிறிது நேரம் நினைவகத்தில் தங்கும். 30 வினாடிக்கு ஒரு முறை அவற்றைத் தட்டில் சேர்க்க 'அப்டேட்' என்னும் பணி இருந்தது. இடையில் மின்சாரம் நின்றால் தட்டின் கணக்குப் பிறழும். ஒரே பகுதி பயனில் உள்ளதாகவும் காலியாகவும் குறிக்கப்படலாம். ஒரு பகுதி எக்கணக்கிலும் சேராது போகலாம். இத்தகைய பிழைகளை 'ஐசெக்', 'டிசெக்' என்னும் நிரல்களால் கண்டறிந்து சீர்செய்தனர். மூலத் தட்டைச் சீர்செய்தபின் நினைவகத்திலுள்ளதைத் தட்டில் சேர்க்காமல் பொறியை உடனே மறுபடி எழுப்புதல் வேண்டும். சேர்த்தால் நினைவகத்திலிருக்கும் பழைய பிழைக் கணக்கு, திருத்திய கணக்கின்மேல் எழுதப்பட்டுவிடும். நாள்தோறும் நன்மை தரும் செயலே இந்த ஓரிடத்தில் கேடாகிறது. காரணம் அறிந்தவனுக்கே இது விளங்கும். ஆணைகளை மனப்பாடம் செய்தவனுக்கு விளங்காது.

அக்காரணத்தைக் கற்பித்தவர்களுள் தலைசிறந்தவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லயன்ஸ். ஆறாம் பதிப்பின் கரு ஏறத்தாழ 9,000 வரிகள் கொண்டது. 1976 அளவில் அதனைத் தொகுத்து, உரையும் எழுதி மாணவர்க்கு அளித்தார். முழு இயக்க முறைமையையும் மாணவர் வரிக்கு வரி கற்க முடிந்தது. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் கற்பிப்பதைத் தடுத்தது. லயன்ஸின் நூல் மறையவில்லை. படியெடுத்த தாளிலிருந்து மீண்டும் படியெடுத்து, எழுத்து மங்கிய நிலையிலும் மாணவர் கைமாற்றிப் படித்தனர். 1996இல் அந்நூல் முறையாக அச்சேறியது; லயன்ஸ் 1998இல் மறைந்தார். அத்தடையின் காரணமாகவே ஆண்ட்ரூ டானன்பாம் தம் மாணவர்க்கென மினிக்ஸ் என்னும் முறைமையைத் தாமே எழுதி 1987இல் வெளியிட்டார். மினிக்ஸைப் பயன்படுத்திய பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார்.

கற்றலைத் தடுக்கும் விதிகள் நமக்குப் புதியன அல்ல. அவ்விதிகளை மீறிக் கற்றவர்களின் வழிவந்தோர் நாம். ஒரு பொறியை இயக்க மட்டும் பழகியவன் பிறர் ஏவலுக்குக் காத்திருப்பான். அது எழும் விதத்தையும் பழுதாகும் காரணத்தையும் கற்றவன் அதனைத் தானே ஆள்வான். நம் இளைஞர் எத்துறையில் நுழைந்தாலும் 'எவ்வாறு' என்பதோடு நில்லாது 'ஏன்' என்றும் கேட்க வேண்டும். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, அடுத்தவர்க்குப் படியெடுத்துக் கொடுத்தலும் வேண்டும்.